கை காய்ந்த சனிக்கிழமை

மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி ஆண்பிள்ளைகளுக்குக் கிடையாது. பசித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தேக்கா பக்கம் இருந்தால் இலைச் சாப்பாடு, அரபு ஸ்திரீட் பக்கம் இருந்தால் பிரியாணி, ஆற்றோரம் இருந்தால் மீ கோரிங் நூடுல்ஸ். ஊரே அவர்களுக்கு அடுப்பு மூட்டி வைத்திருந்தது. எனக்குத்தான் அது பெரிய பிரச்சினையாக இருந்தது. இவ்வளவு பெரிய சிங்கப்பூரில் எனக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி கிடைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பின்னால் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் வேலைக்குப் போன முதல் பெண் நான். உத்தரவு வந்த அன்று அப்பா அதை மூன்று முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போ. வேணாங்கல. ஆனா கடையில உக்காந்து சாப்பிட்டேன்னு என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னிக்கோட வேலைக்கு முழுக்கு."

அப்பா வாயால் சொன்னது கல்லில் வெட்டியது மாதிரி. அம்மா மறுநாளே கேரியர் கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கேரியரோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி ரசம் வழிந்து புடவையில் இறங்கும். பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆபீசில் மேசையில் வைத்துச் சாப்பிடக்கூடாது, காகிதத்தில் கறை படுமாம். சாப்பாட்டு அறை துரைமார்களுக்கு மட்டும். எனக்குக் கிடைத்தது பின்பக்கத்து மாடிப்படி. ஆற்று நாற்றம் நேராக அங்கேதான் வரும். புளித்துப்போன தயிர்சாதத்தை நின்றபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். யாராவது படியேறி வந்தால் கேரியரை முந்தானைக்குள் மறைப்பேன். என்னமோ திருடித் தின்கிற மாதிரி.

என்னோடு வேலை பார்த்த சீனப் பெண் ஒருத்தி இருந்தாள். பக்கத்து மேசை. அவள் மணி அடித்ததும் ஆற்றோரத் தள்ளுவண்டிக்குப் போய், முக்காலியில் உட்கார்ந்து, கூலியாட்களோடு தோள் இடிக்க மீ சாப்பிட்டுவிட்டு வருவாள். அவள் மானம் ஒன்றும் கப்பலேறிவிடவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிட எரிச்சல் வீட்டில் இருந்தது. அப்பா காலாங் பக்கம் ஒரு கிடங்கில் கிளார்க். வேலைநாள் மத்தியானங்களில் சிராங்கூன் ரோட்டுச் சந்தில் ஓர் இலைச் சாப்பாட்டுக் கடையில்தான் சாப்பிடுவார். சாயங்காலம் வந்ததும் அந்தக் கடைப் புராணம் ஆரம்பிக்கும். "ரசம்னா அது ரசம். மூக்குல ஏறி, உச்சந்தலையில நிக்கும். மீன் குழம்பைச் சொல்லணுமா? குழாய்க்குப் பக்கத்துல நம்ம மேசை. சாப்பிட்டமா, கையைக் கழுவினமான்னு வந்துடலாம்." அம்மா அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே இதையெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பாள். அவள் அந்தக் கடையைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எங்களுக்கு வாய்க்காத சாப்பாட்டைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு.

சீனத் தோழிக்கு இலையில் சாப்பிட வேண்டும் என்று ஆசை. மாதக்கணக்காக என்னை நச்சரித்தாள். உன் ஆட்கள் சாப்பிடும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போகாவிட்டால் நீ என்ன சிநேகிதி என்று ஒருநாள் கேட்டே விட்டாள். எனக்கும் அந்த ரசத்தின் மேல் ஒரு கண் இருந்தது. யோசித்தேன். சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். சனிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். கிடங்கிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் வழிய உட்கார்ந்து, சீயக்காய் போட்டுக் குளித்து, அம்மா வைக்கிற மிளகுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பார். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் வெயிலில் இறங்கமாட்டார். காய்ச்சல் வந்தாலும் விடமாட்டேன் என்கிற நியமம் அது. ஆகவே சனிக்கிழமை மத்தியானம் சிங்கப்பூரிலேயே எனக்குப் பத்திரமான கடை எது என்றால், அப்பாவுடைய கடைதான்.

அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொன்னேன்.

கடைக்குள் கால் வைத்ததும் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. கல்யாணப் பந்திக்குள் போலீஸ்காரர் நுழைந்த மாதிரி ஓர் அமைதி. எல்லாரும் ஆண்கள். கல்லாவில் இருந்த முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு, "ஃபேமிலி ரூமுக்கு ரெண்டு இலை!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பரிமாறுகிறவர் ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், தோளில் துண்டோடு வந்து எங்களை அழைத்துப்போனார். கூடத்தின் பின்பக்கம் பலகைத் தடுப்பு. அதற்கு ஒரு திரை. உள்ளே இரண்டு மேசை, ஓரத்தில் அரிசி மூட்டைகள். குடும்பங்கள் அங்கே வந்து எத்தனை நாள் ஆயிற்றோ, நாற்காலியில் தூசி.

இலை விழுந்தது. தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கொடுத்தேன். தோழி ஐந்து விரலையும் சோற்றில் புதைத்துவிட்டுச் சிரித்தாள். மீன் குழம்பு வந்தது. பிறகு ரசம் வந்தது. கையில் வாங்கிக் குடித்தேன். மூக்கில் ஏறி உச்சந்தலையில்தான் நின்றது. அப்பா பொய் சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அப்போதுதான் அப்பாவின் இருமல் கேட்டது.

முதலில் பிரமை என்று நினைத்தேன். மறுபடியும் இருமினார். "நம்ம மேசையைத் துடைப்பா," என்ற குரல். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பாதான். எண்ணெய் இல்லாத தலை. தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. எதிரே தடித்த ஒரு மனிதர், விரல் நிறைய மோதிரம், பக்கத்தில் பயணப் பை.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலையேன்னு தப்பா எடுத்துக்காதீங்க," என்று அப்பா சொன்னார். "பொம்பளைங்க காதுக்குப் போறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டா நல்லது."

"அதனால என்னங்க. ஈப்போவுலேர்ந்து ரயில்ல உக்காந்து வந்ததுக்குப் பசி கொல்லுது. முதல்ல சாப்பாடு. என் பையனுக்கு ஜாதகமெல்லாம் பொருந்திருச்சுன்னு சொல்லிட்டேனே."

பொருந்திருச்சு. எனக்கு எவனோ ஒருவனோடு பொருந்திவிட்டது என்பதை நான் கையில் ரசத்தோடு தெரிந்துகொண்டேன்.

உடனே எழுந்து போய்விட முடியாது. கை கழுவும் குழாய் அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான். அது முன்கூடத்தில், அப்பாவின் மேசைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. எச்சில் கையோடு தெருவில் இறங்க முடியுமா? சரி, அவர்கள் போகும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இலையை மூடினால் எழுந்திருக்க வேண்டும். கடைச் சட்டம் அது. மூடாவிட்டால் சோறு வந்துகொண்டே இருக்கும். பரிமாறுகிறவர் திரையை விலக்கி, "சோறு வைக்கவா தங்கச்சி?" என்றார். தலையாட்டினேன். வைத்தார். "உள்ள தங்கச்சிக்கு ரசம்!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூவினார். நான் தலையை இலைமேல் கவிழ்த்துக்கொண்டேன்.

தோழி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உரக்க, காரமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் இடது கையால் அவள் வாயைப் பொத்தினேன். வெளியில் என் அப்பா என்று அவள் காதில் சொன்னேன். அவள் கண் இரண்டு மடங்காக விரிந்தது. இரண்டு பேரும் சுவர்ப் பல்லி மாதிரி ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

"பொண்ணு வேலைக்குப் போகுதாமே?" ஈப்போக்காரர் கேட்டார்.

"ஆமாங்க. படிச்ச புள்ள, வீட்டுல சும்மா இருக்குதேன்னு அனுப்பினேன். தை பொறந்தா நிறுத்திடலாம்."

"தை வரைக்கும் எதுக்குங்க? நான் வெளிப்படையாச் சொல்றேன். எங்க வீட்டுல பொம்பளைங்க சம்பாத்தியம் வந்ததில்ல. நாலு ஆம்பளைங்க நடுவுல உக்காந்து டைப் அடிச்ச பொண்ணுன்னு நாளைக்கு எவனாச்சும் பேசினா எனக்குத்தானே தலைகுனிவு."

அப்பா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அதற்குள் நான் என்னென்னமோ வேண்டிக்கொண்டேன். என் மகள் நன்றாக வேலை செய்கிறாள், துரை பாராட்டினாராம் என்று சொல்லுங்கள் அப்பா. பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொள்வீர்களே, அதில் பாதியையாவது இங்கே சொல்லுங்கள்.

"சரிங்க," என்றார் அப்பா. "திங்கக்கிழமையிலேர்ந்து போகமாட்டா."

"வெளியில கிளியில சாப்பாடு, சிநேகிதம், அப்படி இப்படின்னு…"

"என் பொண்ணு கடைப் படி ஏறினவ இல்லைங்க. அதுக்கு நான் ஜவாப்."

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. திங்கட்கிழமை என்ற அந்த ஒரு சொல் மட்டும் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. என் மேசை, என் டைப்ரைட்டர், மாதம் பிறந்தால் என் பேர் போட்டு வரும் உறை, மாடிப்படியில் நின்று விழுங்கிய புளித்த தயிர்சாதம், எல்லாவற்றையும் மோர் வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். அந்த நாற்றம் பிடித்த மாடிப்படியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கையில் சோறு காய்ந்து வெள்ளையாக இழுத்தது. சாப்பிட்ட கை காய்ந்தால் தூரத்தில் வாழ்க்கைப்படுவாய் என்று சின்ன வயதில் என்னை விரட்டி விரட்டிக் கை கழுவ வைப்பாள் அம்மா. ஈப்போ நல்ல தூரம்தான்.

திரை விலகியது. பரிமாறுகிறவர் இந்தத் தடவை கூவவில்லை. என்னைப் பார்த்தார், பலகை இடுக்கைப் பார்த்தார். பல வருஷம் அப்பாவுக்குப் பரிமாறியவர். மூக்கும் முழியும் எனக்கு அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருக்கும். குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அடுக்களை வழியா பின்சந்துக்குப் போயிரலாம் தங்கச்சி. அண்டாவுல தண்ணி இருக்கு, அங்கயே கையைக் கழுவிக்குங்க. யாருக்கும் தெரியாது."

தோழி, வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து, பையை எடுத்துக்கொண்டாள். நானும் எழுந்தேன். பின்வழியாகப் போயிருந்தால் வீட்டுக்குப் போகலாம், ஓவர்டைம் முடிந்தது என்று சொல்லலாம், அப்பா சொல்வதைப் புதுசாகக் கேட்கிற மாதிரி கேட்டு அழலாம். திங்கட்கிழமை வீட்டில் கிடக்கலாம். போகாவிட்டால், அப்பா அன்றைக்குப் போட்ட நிபந்தனைப்படியே வேலை போகும். எப்படியும் வேலை போகப் போகிறது, அதற்கு நான் அண்டாத் தண்ணீரில் ஒளிந்து கை கழுவுவானேன்? இலையை மூடினேன். திரையை விலக்கினேன். முன்பக்கமாக நடந்தேன்.

தலைகள் மறுபடியும் நிமிர்ந்தன. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் அவரைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்தேன். காய்ந்த சோறு சீக்கிரம் போகவில்லை. விரல் விரலாகத் தேய்க்க வேண்டியிருந்தது.

"யாருங்க அது?" ஈப்போக்காரரின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "அவளையே பாக்குறீங்களே. தெரிஞ்ச புள்ளையா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க," என்றார் அப்பா. "தெரியாது."

அடித்திருந்தால் வலித்திருக்காது. ஏன், முடியைப் பிடித்து இழுத்திருந்தால்கூட நான் கடையில் சாப்பிட்ட மகள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். குழாயை மூடினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, ரசம் இன்னொரு தடவை வாங்கிக்குங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு."

அப்பா தலையைத் தூக்கவில்லை. ஈப்போக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். தன் பக்கம் பார்த்து மூடவில்லை. சாவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடினார். கடையில் இருந்த எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். என் பின்னால் வந்து நின்ற தோழி ஒருத்திக்குத்தான் தெரியாது. அவள் அவரைப் பார்த்துச் சிரித்து, பணிவாகத் தலையசைத்தாள், பாவம்.

சனிக்கிழமை போனது, ஞாயிற்றுக்கிழமை போனது. அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும் இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கடையில் நடந்தது வீட்டுக்கு வர அரைமணி நேரம் போதும். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடுக்களையில் பாத்திரம் கழுவும்போது, திரும்பாமலேயே கேட்டாள்.

"அந்த ரசத்துல அப்படி என்னதான்டி இருக்கு?"

"மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா," என்றேன். அவள் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

திங்கட்கிழமை விடிந்தது. போ என்றும் யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நானாகக் குளித்து, புடவை கட்டி, அடுக்களைக்குப் போனேன். வழக்கமான இடத்தில் கேரியர் கட்டி வைத்திருந்தது. அப்பாடா என்று கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தள்ளினாள்.

"அது உனக்கில்ல."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். என்னைத் தாண்டிப் போய்க் கேரியரை எடுத்துக்கொண்டார்.

"கடையில சாப்பிடறவளுக்குக் கேரியர் எதுக்கு?" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத்தான் இனிமே போறதுக்கு இடமில்ல."

படியிறங்கிப் போய்விட்டார். நானும் ஓடினேன், பஸ் பிடிக்க வேண்டுமே. பஸ் நிறுத்தத்தில் அவர் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில் நின்றோம். கேரியர் பிடிக்கத் தெரியாமல் சாய்த்துப் பிடித்திருந்தார். வெள்ளைக் கால்சட்டையில் ரசம் சொட்டுவதைப் பார்த்தேன். போய்ச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. என் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த வேலையில் பல வருஷம் இருந்தேன். கல்யாணமும் ஆயிற்று, உள்ளூரிலேயே. கை காய்ந்த சாத்திரம் பலிக்கவில்லை. சீனத் தோழியும் நானும் ஆற்றோரத் தள்ளுவண்டிகளில் முக்காலி போட்டுச் சாப்பிட்டோம். சனிக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டுக் கடைக்குப் போவோம். பரிமாறுகிறவர் எங்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போவதை நிறுத்திவிட்டார். குழாய்ப் பக்கத்து மேசை காலியாக இருந்தால் அங்கேதான் இலை போடுவார்.

அப்பா அந்தக் கடைக்குள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே கேரியரைத் திறந்து சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். கடைப் புராணமும் நின்றுபோனது. வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம், நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்துக் கேட்டார்.

"அங்க ரசம் இன்னும் அப்படியேதான் வைக்கிறானா?"

"அப்படியேதான்ப்பா," என்றேன்.

தலையை ஆட்டினார். அம்மா கரண்டியோடு வந்து, கேட்காமலேயே, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். அவர் குனிந்து சாப்பிட்டார்.